நின்றுகொண்டே சாப்பிட்டவன்

ஜார்ஜியாவின் தென்கோடியில் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற, கறுப்புப் பிள்ளைகள் படிக்கிற டாலிவர் கல்லூரியில், மிஸ் வெர்டெல் கையால் சாப்பிடாமல் பட்டம் வாங்கிப் போனவர் ஒருவரும் கிடையாது. நீதிபதி ஆனவரும் சாப்பிட்டிருக்கிறார், ஜெயிலுக்குப் போனவரும் சாப்பிட்டிருக்கிறார். முப்பத்தோரு வருஷத்தில் மெஸ்ஸின் கூரை மாறியது, அடுப்பு மாறியது, கல்லூரித் தலைவர் ஐந்து பேர் வந்து போனார்கள். பரிமாறுகிற மேடைக்குப் பின்னால் வெர்டெல் மோஸ்லி மட்டும் மாறவில்லை. வெள்ளைத் தொப்பி, பெரிய இடுப்பு, யாருக்கும் பயப்படாத வாய்.

"இன்னொரு துண்டு வைங்க மிஸ் வெர்டெல்" என்று எவனாவது தட்டை நீட்டினால், "கோழிக்கு ரெண்டு காலுதான் ராசா. உனக்காக மூணாவது முளைக்கட்டும், சொல்லி அனுப்பறேன்" என்பாள். சொல்லிவிட்டு வைத்தும் விடுவாள்.

மேடைக்குப் பின்னால் நிற்கிறவளுக்குத் தெரியாத சங்கதி கல்லூரியில் இருக்க முடியாது. ஒருவன் இரண்டு தட்டு எடுத்துப் போனால் காதல். ஒருத்தி மூன்று நாள் வராவிட்டால் காதல் முறிந்தது. ஏழெட்டுப் பையன்கள் குள்ளத்திலிருந்து உயரம் வரைக்கும் அளந்து வைத்த மாதிரி வந்து, வாயைத் திறக்காமல் தட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்றபடியே சாப்பிட்டால், அவர்கள் வரிசையில் இருக்கிறார்கள்.

வரிசை என்றால் சகோதர சங்கத்தில் சேர நிற்கிற வரிசை. அங்கே சங்கங்கள் நாலு, அதில் பெரியது பச்சைச் சங்கம். ஊரில் பல் டாக்டர், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், சவ அடக்கக்காரர், தேவாலயத்து மூப்பர்களில் பாதிப்பேர் எல்லாம் பச்சைதான். கறுப்புப் பிள்ளைக்கு ஒரு கதவும் திறக்காத காலத்தில் அவர்கள்தான் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துவிட்டார்கள். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போக வேண்டுமானால் ஆறு வாரமோ எட்டு வாரமோ வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு நம்பர். மூத்தவர்கள் எல்லாம் பெரியண்ணன். பெரியண்ணன் சொன்னால் ஓட வேண்டும், குனி என்றால் குனிய வேண்டும், பின்பக்கம் கட்டையால் அடி விழும். ஒருவன் ஓடிப்போனால் மற்றவர்களுக்கு இரட்டிப்பாக விழும். எல்லாம் முடிந்தால் புதுப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் கால் தட்டி ஆடுவார்கள், ஊரே திரண்டு வந்து பார்க்கும். அடி வாங்காமல் கையெழுத்துப் போட்டு உள்ளே போனவனுக்குப் பெயர் பேப்பர். ஒரு தடவை பேப்பர் என்று சொல்லிவிட்டால் அவன் கிழவனாகிச் செத்தாலும் அந்தப் பெயர் போகாது.

தொண்ணூறாம் வருஷம் சங்கத்தின் மேலிடமே இதற்கெல்லாம் தடை போட்டது. அடி நின்றதா என்றால், எங்கே நின்றது! முற்றத்தில் நடந்தது பூட்டிய வீட்டுக்குள் போனது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் மெஸ்ஸில் ஜன்னலோரம் பையன்கள் நின்று சாப்பிடுவது நிற்கவில்லை. உட்கார முடிந்தால்தானே உட்காருவார்கள்.

"சோபா கொண்டாரட்டுமாடா தம்பி?" என்று பொரிக்கிற சட்டிக்குப் பின்னாலிருந்து ஹோசியா கத்துவான். ஆறடி மனிதன், மீன் பொரிப்பதில் கெட்டிக்காரன். சமையல்கட்டே சிரிக்கும். வெர்டெலும் சிரிப்பாள். இருபது வருஷம் சிரித்தாள். அவளை மட்டும் சொல்வானேன், நாங்கள் எல்லோருமே சிரித்தோம்.

வெர்டெலுக்கு ஒரே மகன், கார்வின். புருஷன் டெட்ராய்ட்டில் வேலை இருக்கிறது என்று போனவன், போனவன்தான். பையன் ஒல்லி, சாது, எதையும் பாதியில் விடுகிறவன். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதினான், ஒரு வருஷத்தில் விட்டான். பேஸ்பால் ஆடினான், அதையும் விட்டான். "எம்புள்ள ஆரம்பிக்கிறதுல புலி" என்று வெர்டெல் எல்லோரிடமும் சொல்வாள். அவன் எதிரிலேயே சொல்வாள். அவன் சிரித்துக்கொள்வான்.

அந்தப் பையன் அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கையில் பச்சைச் சங்கம் அவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. தொண்ணூற்று மூன்று, மார்ச் மாதம். வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம், ஆனால் வெர்டெலுக்குத் தெரியாமல் இருக்குமா? ஏழு பேர் வரிசையில் நாலாவதாகத் தட்டேந்தி வந்து நின்றான் மகன். அவள் கண்டுகொள்ளாத மாதிரி கரண்டியைப் போட்டாள். அன்றைக்கு அவனுக்கு விழுந்த இறைச்சி இரண்டு பேர் சாப்பிடலாம். தேவாலயத்தில் பல் டாக்டர் பிராக்டர், சங்கத்துக்கு ஆலோசகர், அவளிடம் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். அதுவரை அவர் அவளிடம் பல்லைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். மெஸ்ஸில் சோறு போடுகிறவள் மகன் பச்சைச் சட்டை போடப்போகிறான் என்ற நினைப்பிலேயே அவள் அந்த மாதம் முழுக்க நடந்தாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வந்து சாப்பாட்டுக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ரயில் பாதைக்குப் பின்னால் அவள் வீடு. ஒரு மணிக்குக் கார்வின் பின்வாசல் வழியாக வந்தான்.

"உக்காருடா. கோழி ஆறுது."

"நின்னுக்கறேம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன், என் வீட்டு நாற்காலியில முள்ளு முளைச்சிருக்கா?"

அவன் சிரிக்கவில்லை. மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கீரையை இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு கரண்டியை வைத்துவிட்டான்.

"அம்மா, நான் விட்டுடலாம்னு பாக்கறேன்."

"எதை?"

"வரிசையை."

"இன்னும் எத்தனை நாளு?"

"பன்னெண்டு நாளுங்கறாங்க."

"பன்னெண்டு நாளு! நாலு வாரம் தள்ளிட்டு, பன்னெண்டு நாளு இருக்கறப்ப எவனாவது விடுவானா?"

"எனக்கு முன்னாடி நிக்கிற மூணாம் நம்பருக்கு ஆஸ்துமா. அவன் பங்கையும் நான்தான் வாங்கறேன். என்னால முடியலம்மா."

"அப்ப நீ போயிட்டா அவன் கதி என்ன? யோசிச்சியா? வரிசை ஒடைஞ்சா மத்தவனுக்கு ரெண்டு மடங்குன்னு எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

அந்தச் சட்டமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருபது வருஷம் மேடைக்குப் பின்னால் நின்று காதில் விழுந்த பேச்சு அத்தனையும் அன்றைக்கு அவள் வாயில் வந்து நின்றது.

கார்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுகிற வயசு. "ரெண்டு நாளா மூத்திரம் காப்பி நிறத்துல போகுதும்மா."

சோள ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வெட்டியது.

"தண்ணி குடிக்க மாட்டே. சின்ன வயசுலேருந்தே உங்கிட்ட இதே ரோதனை. ஒரு ஜக்கு தண்ணி குடி, சரியாப் போயிடும்."

"அம்மா..."

"ட்ரம்பெட்ட விட்டே, சரின்னேன். பந்தாட்டத்த விட்டே, சரின்னேன். நாளைக்கு அந்த மெஸ்ஸுல நான் எப்படிடா தலை நிமிந்து நிப்பேன்? மிஸ் வெர்டெல் மகன் ஓடிட்டான்னு ஹோசியா மொதக்கொண்டு சொல்லுவான். உன்ன பேப்பர்னுகூடச் சொல்ல மாட்டாங்க. பேப்பர்லகூட நீ இருக்க மாட்டே."

அவள் ஏழு பொட்டலம் கட்டினாள், வரிசைக்கு ஆளுக்கொன்று. கோழி, கீரை, சோள ரொட்டி, மேலே பீச் பழம் அடைத்துச் சுட்ட பீச் பை முழுசாக ஒன்று. "போய் எல்லாரும் நல்லா சாப்பிடுங்க. நீயும் சாப்பிடு, எலும்பா நிக்கற" என்று இரண்டு கையிலும் துணிப்பையைக் கொடுத்தாள்.

"சரிம்மா" என்றான்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலை அகட்டி வைத்து, பையைச் சுமந்துகொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனான். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆம்பளையாகிறான் என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவினாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மெஸ்ஸுக்கு போன் வந்தது. சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பிராக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் பச்சைச் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர், தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே கார்வின் முகம் வீங்கிக் கிடந்தான். பெண் டாக்டர் ஒருத்தி, சின்ன வயசு, வெளியே வந்தாள்.

"அடிபட்ட தசையெல்லாம் கரைஞ்சு ரத்தத்துல கலந்து சிறுநீரகத்த அடைச்சிடுச்சு. இது ஒருநாள்ல வர்றதில்லம்மா. மூத்திரம் நிறம் மாறியிருக்கும். வீட்டுல யார்கிட்டயாவது சொன்னானா?"

டாக்டர் பிராக்டர் வெர்டெலைப் பார்த்தார். அந்த இரண்டு பையன்களும் பார்த்தார்கள்.

"இல்ல. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள்.

புதன்கிழமை நண்பகலுக்கு முன்னால் கார்வின் போய்விட்டான். அந்தப் பெண் டாக்டர் அவள் தோளைத் தொட்டு, ஆறுதலாக நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். "ஞாயித்துக்கிழமை தெரிஞ்சிருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்."

அடக்கத்துக்குச் சங்கம் முழுக்கத் திரண்டு வந்தது. பச்சைக் கழுத்துப்பட்டை கட்டிய ஆண்கள் அறுபது பேர் சவப்பெட்டியைச் சுற்றிக் கைகோத்து நின்று பாடினார்கள். டாக்டர் பிராக்டர் குனிந்து கார்வின் கோட்டில் சங்கத்துச் சின்னத்தைக் குத்தினார். பேப்பர் இல்லை, முழு உறுப்பினர். பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கையிலேயே கிடைத்துவிட்டது. வெர்டெல் அழவில்லை. அழுதால் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குப் பயம்.

தேவாலயத்து வாசலில் ஒரு குண்டுப் பையன், பெரியண்ணன்களில் ஒருத்தன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். துக்கத்தில் என்ன பேசுவது என்று தெரியாத வயசு. "மேடம், உங்க பீச் பை மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல."

"எப்பச் சாப்பிட்டே?"

"அன்னிக்கு, ஞாயித்துக்கிழமை. கார்வின் கொண்டாந்து..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

"வரிசைப் பசங்க சாப்பிட்டாங்களா? அவன் சாப்பிட்டானா?"

பையன் கையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். ஏழு பொட்டலமும் யார் வயிற்றுக்குள் போனது என்று அவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதைத் தின்று கை கழுவிவிட்டுத்தான் அன்றைக்குக் கட்டையை எடுத்திருக்கிறார்கள்.

கல்லூரி ஒரு விசாரணைக் குழு போட்டது. வரிசையில் மிச்சமிருந்த ஆறு பேரும் புல்வெளியில் பந்து ஆடினோம், கார்வின் விழுந்துவிட்டான் என்றார்கள். ஆறு பேர் வாயிலும் அதே வார்த்தை, அதே வரிசையில். ஆஸ்துமாப் பையனும் அதையேதான் சொன்னான். குழு வெர்டெலைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் டாக்டர் பிராக்டர் வீட்டுக்கு வந்தார். பழக்கூடை கொண்டுவந்திருந்தார்.

"வெர்டெல், பையன் உங்கிட்ட ஏதாவது சொல்லியிருந்தா, நீ தாராளமா அங்க சொல்லலாம். உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா, தெரிஞ்சும் ஏன் திருப்பி அனுப்பினேன்னு கேப்பாங்கம்மா. பத்திரிகைக்காரன் எழுதுவான். அந்த வேதனை உனக்கு எதுக்குன்னுதான் பாக்கறேன்."

எவ்வளவு மெதுவான குரல்! அப்படியொரு குரலில் மிரட்டுவதற்கு நல்ல படிப்புப் படித்திருக்க வேண்டும். மறுநாள் குழுவில் ஒரு அம்மாள் தாளை நீட்டினாள். ‘இறந்தவர் தாயாரிடம் எதுவும் தெரிவிக்கவில்லை’ என்று தட்டச்சடித்திருந்தது. வெர்டெல் மோஸ்லி என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். சங்கத்துக்கு இரண்டு வருஷம் தடை. இரண்டு வருஷம் கழித்து முற்றத்தில் மறுபடி பச்சைச் சட்டைகள் கால் தட்டின.

இதற்குப் பிறகு அவள் எழுந்து நின்று போராடினாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அப்படி நடக்கவில்லை. அடுத்த மாதமே மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். வேறு எங்கே போவாள்? வாய் மட்டும் குறைந்துபோனது. பீச் பை செய்வதை விட்டாள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஜன்னலோரம் பையன்கள் வந்து நிற்பார்கள், இவள் கழுவு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருவனைப் பற்றி வாயைத் திறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வெளியே வந்துவிடும். பதினோரு வருஷம் தொட்டியைத் தேய்த்தாள். அந்தத் தொட்டி மாதிரி சுத்தமான தொட்டி கல்லூரியில் கிடையாது.

இரண்டாயிரத்து மூன்றில் டேவியன் கிப்ஸ் என்று சவானாவிலிருந்து ஒரு பையன் சேர்ந்தான். சேர்ந்த அன்றைக்கே அவனுடைய அம்மா யோலண்டா மெஸ்ஸுக்குள் நேராக வந்து, "மிஸ் வெர்டெல், இவனுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது. கடலையெண்ணெய் பட்டாக்கூடத் தொண்டை அடைச்சிடும். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று ஒரு துண்டுத்தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். சமையல்கட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் அது ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து டேவியன் தினமும் தட்டை நீட்டி, "மிஸ் வெர்டெல், இன்னிக்கு என்னைக் கொல்ல ஏதாவது திட்டம் இருக்கா?" என்பான். "நாளைக்குத்தான் ராசா, இன்னிக்கு நேரமில்ல" என்பாள். அந்தப் பையனிடம் மட்டும் பழைய வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது.

மறு வருஷம் மார்ச்சில் அந்தக் கேலி நின்றது. ஐந்து பேரில் இரண்டாவதாக வந்தான், பேசாமல் போனான். வெர்டெல் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வாரம் அப்படியே போனது.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை மதியம் டேவியன் தனியாக வந்தான். சாப்பாடு வேண்டாமென்று தலையாட்டினான். தண்ணீர்க் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தான். இன்னொன்று பிடித்தான். ஐந்தாவது தம்ளரோடு ஜன்னலோரம் போய்ச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றான்.

"சோபா கொண்டாரட்டுமாடா தம்பி?" ஹோசியா பழக்கத்தில் கத்தினான்.

"வாய மூடு ஹோசியா!"

வெர்டெல் மேடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பரிமாறுகிற நேரத்தில் அவள் மேடையைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. கரண்டி கையிலேயே இருந்தது. நேரே டேவியன் முன்னால் போய் நின்றாள்.

"மூத்திரம் என்ன நிறத்துல போகுது?"

"மேடம்!" அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ன நிறம்?"

"காப்பி மாதிரி. அதான் தண்ணி குடிச்சிட்டிருக்கேன். சரியாப் போயிடும்னாங்க."

"யாரு சொன்னது?"

"அம்மா."

வெர்டெல் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே."

"வரமாட்டேன் மேடம். இன்னும் ஒம்பது நாள்தான். நான் போனா மத்த நாலு பேருக்கும் டபுளாகும். எங்கம்மாவே முடிச்சிட்டு வான்னு சொல்லிட்டாங்க. தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க."

அடம் பிடிக்கிற இருபது வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அவன் முழங்கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்து வந்தாள். அலமாரியைத் திறந்து, நம்பரைப் பார்த்துச் சுவர் போனில் அழுத்தினாள்.

"மிஸ் வெர்டெல்?" யோலண்டா குரல் பதறியது. "கடலையா?"

"கடலை இல்லம்மா. உம்புள்ள உக்கார முடியாம நிக்கறான். மூத்திரம் காப்பியாப் போகுது."

"ஓ, அதா." குரல் இறங்கியது, நிம்மதியாக. "எங்கிட்டயும் சொன்னான். கொஞ்சநாள் பல்லைக் கடிச்சுக்கோடான்னு சொல்லியிருக்கேன். அவனோட மாமா ரெண்டு பேரும் அதே சங்கம்தான், மிஸ் வெர்டெல். அவங்களும் வாங்கினவங்கதான். இவன் எதையுமே..."

"எதையுமே முடிக்க மாட்டான். அதானே?"

ஹோசியா சட்டியை இறக்கி வைத்துவிட்டான். பாத்திரம் கழுவுகிற பெண்கள் குழாயை மூடினார்கள். டேவியன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

"எனக்கும் ஒரு மகன் இருந்தான்மா. கார்வின்னு பேரு. இதே சங்கம், இதே வரிசை. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தான். நின்னுக்கிட்டே சாப்பிட்டான். விட்டுடறேன்மான்னு சொன்னான். மூத்திரம் காப்பியாப் போகுதுன்னு சொன்னான். நான் தண்ணி குடிடான்னு சொல்லி, சோத்தைக் கட்டிக் குடுத்து, திருப்பி அனுப்பினேன். புதன்கிழமை செத்துட்டான். எங்கிட்ட ஒண்ணும் சொல்லலன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன், கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டும் குடுத்தேன். அவன் சொன்னான்மா. எங்கிட்டத்தான் சொன்னான். நான்தான் அனுப்பினேன்."

பிறகு யோலண்டா சொன்னாள்: "அவங்கிட்ட போனைக் குடுங்க."

டேவியன் போனைக் காதில் வைத்தான். அம்மா என்ன சொன்னாளோ, "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

ஹோசியாவின் லாரியில்தான் போனார்கள். டேவியனால் உட்கார முடியாததால் பின்பக்கத்தில் மாவு மூட்டை விரித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். வெர்டெல் அறுபதை நெருங்குகிற உடம்போடு பின்னால் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இறங்குகிறபோது ஹோசியா கை கொடுத்து, "என்னை மன்னிச்சிடு வெர்டெல், சோபா சோபான்னு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. பையனை உள்ளே கொண்டுபோய் ஊசி, குழாய் எல்லாம் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புது டாக்டர் ஒருவர் வந்து, உயிருக்குப் பயமில்லை, ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது, இயந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும் என்றார். யோலண்டா சவானாவிலிருந்து கிளம்பிவிட்டாள், வர மூன்று மணி நேரம் ஆகும்.

தாளும் பேனாவுமாக ஒரு நர்ஸ் வந்து வெர்டெல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

"சோறு போடறவ."

"இந்த நிறம் மாறின விஷயத்தை அவரு உங்ககிட்ட எப்பச் சொன்னாரு?"

"பன்னெண்டே காலுக்கு. ஒரு மணிக்கெல்லாம் இங்க கொண்டாந்துட்டேன். சொன்ன உடனே கொண்டாந்துட்டேன்." சொல்லிவிட்டு மறுபடியும் சொன்னாள். "சொன்ன உடனே."

நர்ஸ் எழுதிக்கொண்டு எழுந்தாள். வெர்டெல் அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னொண்ணும் எழுதிக்கோம்மா. தொண்ணூத்து மூணு ஏப்ரல்ல கார்வின் மோஸ்லின்னு ஒரு பையன் இங்க செத்தான். அவனும் சொன்னான். அவங்கம்மாகிட்ட, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணரை மணிக்கு. தெளிவாத்தான் சொன்னான்."

நர்ஸ் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அதுக்கு இதுல இடமில்லையேம்மா. இது இந்தப் பையனோட தாளு."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. அதுல எழுது. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள் வெர்டெல்.

நர்ஸ் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெயர் எப்படி எழுதணும் என்று கேட்டாள்.